கரை வந்துவிடும் என்ற பயம்

காரைக்குடியில் துடுப்புப் படகுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எதுல?" துபாயிலிருந்து அத்தா வீடியோ காலில் அதையே கேட்டார். கேட்டதோடு விடாமல், அறையில் இருந்த நண்பரையும் கூப்பிட்டு, "என் மக படகு ஓட்டுறாளாம்ப்பா, காரைக்குடியில" என்று சொல்லிச் சிரித்தார். நான் போனை அம்மா கையில் திணித்துவிட்டு எழுந்து போனேன். அந்த வருஷம் முழுக்க இப்படி எழுந்து போவதே எனக்கு வேலையாக இருந்தது.

கேள்வி நியாயமானது என்பதுதான் எரிச்சலில் எரிச்சல். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. மழை பெய்தால் கண்மாய் நிறையும், பெய்யாவிட்டால் அதில் ஆடு மேயும். அப்படிப்பட்ட ஊரில் இருக்கும் எங்கள் கல்லூரிக்கு, சென்னையில் ஒரு படகுச் சங்கம், தென்மாவட்டத்துப் பெண்களும் இந்த விளையாட்டுக்கு வரட்டும் என்று நல்ல மனதோடு ஒரு பழைய படகை இரவல் கொடுத்தது. அது லாரியில் வந்து இறங்கிய அன்று கல்லூரியே திரண்டு வந்து தொட்டுப் பார்த்தது. யானை வந்திருந்தால்கூட அவ்வளவு கூட்டம் கூடியிருக்காது.

நான்கு பேர் துடுப்புப் போடும் படகு அது. நான்கு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். முன்னால் என்ன வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஐந்தாவது ஆள் பின்கோடியில் அவர்களைப் பார்த்து உட்கார்ந்து, சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வழி பார்த்துக் கத்த வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும், தொண்டை பெரிதாக இருக்க வேண்டும். இந்த இரண்டு தகுதிக்கும் செக்காலையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் என்னைத்தான் காட்டியிருப்பார்கள். வாயாடி, வாயாடி என்று அம்மா திட்டித் திட்டி வளர்த்த வாய்க்கு முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்திருந்தது. அதனால்தான் அந்தப் படகு எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உடற்கல்வி சார் அடிப்படையில் கபடிக்காரர். படகைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் போனில் பார்த்த வீடியோதான். கரையில் நின்றுகொண்டு, "மூச்ச விடாத தாயி, மூச்ச விடாத!" என்று கத்துவார்.

"சார், மூச்சு விட்டாத்தான் சார் இழுக்க முடியும்."

"அப்ப விடு. ஆனா எதிராளிக்குத் தெரியாம விடு."

கபடியில் மூச்சை விட்டால் ஆள் அவுட் அல்லவா.

மானகிரிப் பக்கம் ஒரு கண்மாய். புரட்டாசி மழையில் பாதியும் ஐப்பசி மழையில் மீதியுமாக நிறைந்திருந்தது. அதில் படகு விட ஊரில் பேசி ஒப்புதல் வாங்கித் தந்தவர், எனக்கு எதிர்சீட்டில் உட்காருபவளின் அப்பா. அந்தக் கண்மாய்ப் பாசனத்தில்தான் அவர்களுக்கு வயல். அவள் போடும் வேகத்தைப் பார்த்துத்தான் பின்னால் இருக்கும் மூவரும் துடுப்புப் போடுவார்கள். என் முழங்காலுக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இருக்காது. காலையில் பல் தேய்த்தாளா இல்லையா என்பதுவரை எனக்குத் தெரிந்துவிடும்.

கண்மாய் என்றால் வெறும் தண்ணீர் இல்லை. நடுவே கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். எருமைகள் படுத்திருக்கும். நேராகப் போக மரங்களுக்கும் கரைக்கும் நடுவில் ஒரே ஒரு தடம்தான் இருந்தது. அதன் முடிவில் பெண்கள் துணி துவைக்கும் படித்துறை. பயிற்சி தொடங்கிய புதிதில் நான் "நிறுத்து" என்று சொல்லி முடிப்பதற்குள் படகின் மூக்கு துவைகல்லில் போய் இடித்தது. மூக்கில் விரிசல். துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா சோப்பு நுரையோடு எழுந்து நின்று, "ஏத்தா, கப்பல கொண்டாந்து எங்க மேல ஏத்தவா வாரீக?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர்களுக்கு அது கப்பல்தான். தினமும் வசவுதான்.

நான் உரக்கத்தான் சொன்னேன், அவர்கள்தான் உடனே நிறுத்தவில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்வேன். ஆனால் அந்த இடியோடு என் வாய்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. எதிர்சீட்டுக்காரி துடுப்பு வீச்சை உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள். இத்தனை வீச்சுக்குக் கரை என்று அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்கு முன்பே கையைத் தளர்த்திவிடுவாள். அவள் விட்டால் பின்னால் மூன்று பேரும் விட்டுவிடுவார்கள்.

"நான் எதுக்குடி இங்க உக்காந்திருக்கேன்? பொம்மையா?"

"மூக்கு ஒருக்கா உடைஞ்சது போதும்டி" என்பாள்.

மார்கழியில் சென்னையில் முதல் போட்டி. பிறந்தது முதல் மரத்துக்கு ஒதுங்கியே ஓடிய கூட்டம் அல்லவா, திறந்த தண்ணீரைப் பார்த்ததும் மிரண்டுவிட்டது. இடப்பக்கம் துடுப்புப் போட்டவர்களின் வேகம் வலப்பக்கம் போட்டவர்களுக்கு இல்லை. நான் சுக்கானை எவ்வளவு திருகியும் படகு பக்கத்துத் தடத்துக்குள் போய்விட்டது. எங்களை விலக்கிவிட்டார்கள். சங்கத்துப் பெரியவர் நல்ல மாதிரி. திட்டவில்லை. "மாசியில் இன்னொரு போட்டி இருக்கிறது. ஜெயிக்க வேண்டாம்மா, கடைசியாக வராமல் இருந்தால் போதும். படகு உங்களிடமே இருக்கட்டும். இல்லையென்றால் தண்ணீர் இருக்கிற ஊருக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்" என்றார். கடைசியாக வராமல் இருந்தால் போதுமாம்! அதைவிட அவர் நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஊருக்குத் திரும்பியதும் வெறி பிடித்ததுபோல் பயிற்சி செய்திருப்போம், கண்மாய் விட்டிருந்தால். தை மாதம் பிறந்தது. நெல் பால் பிடிக்கும் நேரம். கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு விடும் நீர்பாய்ச்சி வந்து மடையைத் திறந்தார். தினமும் காலையில் நாங்கள் வரும்போது தண்ணீர் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். படகை இறக்கச் சேற்றில் கூடுதல் தூரம் தூக்கி நடக்க வேண்டும். ஓட்டும் தூரமோ குறைந்துகொண்டே வந்தது. படித்துறை தரையில் நின்றது. அதற்கு முன்பே சேறு வந்துவிடும், அதற்கு முன்பே அவள் கை தளர்ந்துவிடும். அவள் கணக்கு மட்டும் வாராவாரம் ஒழுங்காகச் சுருங்கியது.

இதற்கு நடுவில் கல்யாண ஜோடிகள் வேறு. செட்டிநாட்டு வீடுகளில் போட்டோ எடுத்து அலுத்துப்போய், கேமராக்காரரோடு கண்மாய்க்கு வருவார்கள். "ஒரே ஒரு போட்டோ சிஸ்டர்" என்று பட்டுச்சேலையும் பட்டுவேட்டியுமாக நிற்பார்கள். எங்கள் சார் இளகிய மனசுக்காரர், ஒருநாள் ஏற்றிவிட்டார். முழங்கை அகலப் படகு அது. மாப்பிள்ளை எழுந்து நின்று கையை விரித்தார். அவ்வளவுதான். முழங்கால் தண்ணீரில் இருவரையும் தூக்கி நிறுத்தி, வேட்டியைத் தேடிக் கொடுத்து, படகைக் கவிழ்த்துத் தண்ணீர் வடித்து முடிப்பதற்குள் அன்றைய பயிற்சி நேரம் போய்விட்டது. போட்டோ அருமையாக வந்ததாம்.

அன்று படகுக்குள்ளேயே வெடித்தேன்.

"உங்க வயலு என்னடி இந்தக் குடி குடிக்குது?"

"பால் பிடிக்கிற நேரம்டி. குடிக்கத்தான் செய்யும்."

"போட்டி முடியிற மட்டும் பொறுக்கச் சொல்லக்கூடாதா உங்கப்பாட்ட?"

"நீ அதுவரைக்கும் சோறு திங்காம இரு. நான் அங்குட்டுப் போய்ச் சொல்லுறேன்."

என்னை மடக்கும் பதில் என்றால் எனக்குப் பிடிக்காது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஒருத்தியோடு பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. "பிடி... இழு..." என்று அவள் தலைக்கு மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

மாசிப் போட்டியில் எங்கள் சுற்றில் நான்கு படகுகள். கொடி இறங்கியது. இந்தமுறை படகு நேராகப் போனது. இரண்டு படகுகள் முன்னால் போய்விட்டன. திரும்பிப் பார்த்தால் நான்காவது எங்களுக்குப் பின்னால் தெளிவாகத் தெரிந்தது. அப்படியே போய்ச் சேர்ந்தால் போதும், படகு எங்களுக்கு. கரையில் சார் ஓடி வருவது தெரிந்தது. நான் கத்திக்கொண்டே எதிர்சீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எண்ணாதடி!" என்று நான் சொல்லி வாயை மூடவில்லை. அவள் கை தளர்ந்தது. பின்னால் மூவரும் அதே நொடியில் துடுப்பை விட்டார்கள். நான்கு துடுப்பும் ஒன்றுபோலத் தண்ணீரின் மேல் படுத்தன. அந்த வருஷம் முழுக்க அவர்கள் அவ்வளவு சேர்ந்து எதையும் செய்ததில்லை. எங்கள் கண்மாயில் கரை வரும் இடம் அது. இங்கே சுற்றிலும் தண்ணீர்.

நான்காவது படகு எங்களைத் தாண்டியது. கெட்ட வார்த்தை ஒன்று தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு அலறினேன்: "கரை இல்லடி! இங்குட்டுக் கரையே இல்ல! இழுங்கடி!"

அவளால் திரும்பிப் பார்க்க முடியாது. என் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு இழுத்தாள். அடேயப்பா, என்ன இழுப்பு! அந்தத் தூரத்துக்கு மேல் நாங்கள் நிற்காமல் ஓட்டியதே இல்லை. மூச்சு இரைக்க இரைக்க, "இன்னும் இருக்கா?" என்றாள். "இருக்குடி, இருக்கு!" என்றேன். இரண்டு வீச்சுக்கு ஒருதரம் கேட்டாள். "இன்னும் இருக்கா?" "நெறைய இருக்குடி, வா!" எங்களைத் தாண்டிய படகின் வாலை எங்கள் படகின் மூக்கு எட்டிவிடும் தூரத்துக்கு வந்துவிட்டது. அப்போது ஊதல் ஊதிவிட்டார்கள்.

கடைசி.

"பின்னாடி பேய் மாதிரி வந்தீக. நடுவுல ஏன்மா நின்னீக?" என்றார் சார். அவர் முகம் பார்க்க முடியாதபடி இருந்தது. "கரை வந்துருச்சுன்னு நெனச்சோம் சார்" என்றாள் அவள். பக்கத்துக் கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். படகு அங்கேயே சங்கத்துக் கொட்டகையில் நின்றுவிட்டது. காரைக்குடி சந்திப்பில் இறங்கி ஆளுக்கொரு ஆட்டோவில் போய்விட்டோம்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது கொட்டியபடி இருந்தது. "கண்மாய் பெருகிருச்சுடி, வந்து பாரு" என்று எதிர்சீட்டுக்காரி போன் செய்தாள். எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். மறுநாள் போகவும் செய்தேன். துவைகல் தண்ணீருக்குள் போயிருந்தது. எங்களைத் தினமும் வைத அக்கா மேல்படியில் துவைத்துக்கொண்டு, "கப்பல் எப்பத்தா வருது? இல்லாம என்னமோ மாதிரி இருக்கு" என்றார். படகு போன பிறகு வந்துவிட்டது பாசம்!

கரைமேல் நடந்தோம். கருவேல மரங்கள் உச்சி மட்டும் தெரிய நின்றன.

"அன்னைக்கி இன்னும் இருக்கான்னு கேட்டேன்ல?" என்றாள் அவள்.

"ஆமா. முடியலைன்னா வாய மூடிட்டு இழுத்திருக்கணும்."

"முடியாமக் கேக்கலடி. தண்ணி தீந்துறக்கூடாதேன்னு கேட்டேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "இப்ப வந்து சொல்லி என்னைய என்னடி பண்ணச் சொல்ற?" என்று கத்தினேன். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கத்தினால் எதிர்க்கரைவரை கேட்கும். அன்று எதிர்க்கரை கண்ணுக்கே தெரியவில்லை.