வெட்டி எடுத்த இருமல்

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அம்மா தேநீர் ஆற்றுவதையும் கீரை ஆய்வதையும் பேச்சில்லாமல் படம் பிடித்து இணையத்தில் போட்டுவந்தேன். “இதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது” என்று யார் யாரோ எழுதுவார்கள்.

அம்மா தோட்டத்தில் களைமருந்து அடிப்பவர். படம் எடுக்கும்போது அடிக்கடி இருமுவார்.

“கொஞ்சம் அடக்கிக்கம்மா, சவுண்டு கெட்டுப் போவுது லா!” என்பேன். மீறி வந்ததை வெட்டி எடுத்துவிடுவேன். இது வெறும் குளிர்தானா என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. ஆனால் அம்மாவிடம் கேட்கவில்லை.

ஒருநாள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

“எத்தன நாளா இருமல்?” என்றார் டாக்டர்.

“ரெண்டு நாளாதான் டாக்டர். குளிரு” என்றார் அம்மா.

பொய். வெட்டாத பதிவுகள் என் கைப்பேசியில் இருந்தன. ஐந்து மாதத்துக்கு முந்தையதையும் போன வாரப் பதிவையும் போட்டுக் காட்டினேன். முன்னது வெறும் செருமல். பின்னதைக் கேட்டதும் டாக்டர் எக்ஸ்ரே எழுதினார்.

வெளியே வந்ததும் அம்மா என்னை முறைத்தார். “வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்கன்னு நான் மறைச்சேன். நீ எதுக்குடா மறைச்ச?”

அம்மா இப்போது சிகிச்சையில் இருக்கிறார். அமைதியான வீடியோ எதைப் பார்த்தாலும், அங்கே யாரிடம் சத்தத்தை அடக்கிக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. காதில் விழவில்லை என்றும் நான் சொல்ல முடியாது. ஓர் இருமலைச் சுத்தமாக வெட்டி எடுக்க, அதை நாலு தடவையாவது கேட்டாக வேண்டும்.