செத்த குதிரை எழுந்த கதை

போன வாரம் வரை நான் ஒன்றை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். என் வேண்டுதலுக்கு இரங்கி ஸ்ரீரங்கம் பெருமாள் ஒரு குதிரைக்கு உயிர் கொடுத்தார் என்று. சிரிக்காதீர்கள். பத்து வருடமாக அதற்காகத் துளசி மாலை சாத்திக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் சினிமாக் கம்பெனியின் ரெப். படப் பெட்டியோடு ஊர் ஊராகப் போகிற உத்தியோகம். எங்கள் முதலாளி ஒரு குதிரைவீரன் படம் எடுத்தார். ஓடியது. இரண்டாவது பாகம் எடுத்தார். அதுவும் ஓடியது. இரண்டிலும் கதாநாயகனை விடக் குதிரைக்குத்தான் விசில் அதிகம்.

மூன்றாவது பாகத்தில் டைரக்டர் என்ன செய்தார் தெரியுமா? குதிரையைக் கொன்றுவிட்டார்.

"குதிரை செத்தா நாலாவது பாகத்துக்கு எதுல ஏறி வருவான், சைக்கிள்லயா?" என்றார் முதலாளி. "சாகலைன்னா கதையே இல்லை" என்றார் டைரக்டர். கடைசியில் இரண்டு முடிவும் எடுத்தார்கள். டைரக்டர் முடிவில், அம்பு பட்டுக் குதிரை சாய்கிறது. வீரன் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போகிறான். முதலாளி முடிவில், சாய்ந்த குதிரை எழுந்து அவன் பின்னால் ஓடி வருகிறது.

கடைசி ரீலுக்கு மட்டும் இரண்டு டப்பா. இரண்டும் என் கையில். திருச்சியில் முதலாளி முடிவைத்தான் ஓட்ட வேண்டும் என்று உத்தரவு.

ரிலீஸ் அன்று காலை தென்னூரில் என் வீட்டு வாசலில் டைரக்டர் நிற்கிறார். கண்ணெல்லாம் சிவப்பு.

"தம்பி, ஒரே ஒரு ஷோ. மேட்னிக்கு என் ரீலைப் போடுங்க. ஜனங்க எப்படி எடுத்துக்கிறாங்கன்னு பார்த்துட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"அதுக்கென்ன சார், போட்டுட்டாப் போச்சு" என்றேன்.

மேட்னி தொடங்குகிற நேரம், மெட்ராஸ் கார் ஒன்று தியேட்டர் வாசலில் வந்து நின்றது. முதலாளி!

"யோவ், நம்ம ரீல்தானே?"

"அதுல என்ன சந்தேகம் முதலாளி" என்றேன்.

எனக்கு அப்படி ஒரு வியாதி. யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்றுதான் வாயில் வரும். முதலாளி பால்கனியில். டைரக்டர் கீழே தூண் ஓரத்தில். நடுவில் நான்... வேலை போனால் முசிறியில் மாமனாரின் வாழைத் தோப்புதான் கதி. அவர் கல்யாணத்தன்றே மண்வெட்டியைக் காட்டிவிட்டார்.

இன்டர்வெலில் ஆபரேட்டர் காதர் பாயிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இப்ப நான் எதை ஓட்டணும் சார்?"

"எதையாவது ஓட்டுங்க பாய். என்னைக் கேக்காதீங்க."

"ரெண்டு பேருக்கும் சரின்னுட்டு, என்கிட்ட மட்டும் கேக்காதீங்கன்னா எப்படி?" என்று சிரித்தார். "கீழ போங்க. மொகத்தைக் கழுவுங்க."

நான் முகம் கழுவவில்லை. தியேட்டர் பின்பக்கம், சோடா பெட்டிகளுக்கு நடுவில், வடக்கே ஸ்ரீரங்கம் இருக்கிற திசையைப் பார்த்து நின்றேன். "ரங்கநாதா, என்னைக் காப்பாத்து. முடிஞ்சா குதிரையையும்."

கடைசி ரீல் ஓடுகிற நேரம். உள்ளே சத்தமே இல்லை. போச்சு, குதிரை செத்துவிட்டது! யாரோ பெண்கள் விசும்புவது கேட்டது. மனதுக்குள் மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

திடீரென்று கூரை பறக்கிற மாதிரி விசில்.

எட்டிப் பார்த்தேன். சேணத்தோடு தனியாகப் போகிறானே வீரன்... அவன் பின்னால் புழுதி கிளப்பிக்கொண்டு குதிரை வருகிறது!

படம் விட்டதும் மாடிப்படி அடியில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். நான் தூணுக்குப் பின்னால்.

"அழ வச்சிட்டீரேய்யா. நீர் சொன்னதுதான் சரி" என்றார் முதலாளி.

"நடக்க விட்டு அப்புறம் எழுப்பினீங்களே, எனக்குத் தோணலை சார்" என்றார் டைரக்டர்.

இரண்டு முடிவையும் சேர்த்து ஒட்டச் சொன்னது மற்றவர் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்துவேனா? எல்லா ஊருக்கும் படம் அப்படியே போனது.

காதர் பாயைக் கேட்டதற்கு, "டப்பாவுலயே அப்படித்தான் இருந்துச்சு சார்" என்றார். நம்பினேன். மெட்ராஸ் லேபில் எவனோ தூங்கி வழிந்துகொண்டே மாற்றி ஒட்டியிருக்கிறான். அந்தத் தூக்கத்தைக் கொடுத்தவர் பள்ளிகொண்ட பெருமாள்... இது என் ஆராய்ச்சி.

போன வாரம் அரியமங்கலத்தில் காதர் பாயைப் பார்த்தேன். தியேட்டர் வேலையை விட்டுவிட்டு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். டீ சொன்னார். துளசி மாலைக் கதையை நான் சொல்ல, மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மாலையை நிறுத்திடாதீங்க சார். ஆனா அன்னிக்குக் கத்திரியப் புடிச்சது நான்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்?"

"படத்தை வெட்டினது தெரிஞ்சா என் வேலை போயிருக்கும். உங்ககிட்ட சொன்னா... நீங்கதான் யார் கேட்டாலும் சரி சரிம்பீங்களே."

இன்டர்வெலுக்குப் பிறகு, ஒரு ரீல் ஓடிக்கொண்டிருந்தபோதே, காதர் பாய் முதலாளி ரீலின் கடைசித் துண்டை வெட்டி, டைரக்டர் ரீலின் வாலில் ஒட்டினார். தன் வேலையைப் பணயம் வைத்து என் வேலையைக் காப்பாற்றினார். நடந்தது அவ்வளவுதான்.