இன்னும் கொஞ்சம் விலை இறங்கட்டும்

விற்ற மறுமாதமே வாங்கியவர் முகத்தில் விழிக்கக் கூசும் வியாபாரம் ஒன்று உண்டென்றால், அது தொண்ணூறுகளில் வீட்டுக் கம்ப்யூட்டர் விற்றதுதான். நீங்களும் அந்த நாட்களில் ஒன்றை வாங்கிவிட்டு, அதே விலைக்கு அதைவிடப் பெரியதைப் பேப்பர் விளம்பரத்தில் பார்த்து வயிறெரிந்தவராக இருக்கலாம். எங்கள் வயிறும் எரிந்தது. ஷெல்ஃபில் கிடந்த சரக்கின் விலையும் கூடவேதான் இறங்கியது.

தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் கடை. முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். குடும்பமே ஜவுளி வியாபாரம், இவர் மட்டும் தடம் மாறிக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டார். நான் விற்பனைக்கு நின்றவன்.

ஆடி வரை

விஸ்வநாதன் சார் அபிராமபுரத்துக்காரர், பாங்கில் அதிகாரி. மகள் சுதா அப்போதுதான் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருந்தாள். அங்கே ஒரு மெஷினைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். வீட்டில் ஒன்று இருந்தால்தான் கை பழகும் என்று அவள் கேட்க, கொட்டேஷன் வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். விலையைப் பார்த்ததும், ஆடித் தள்ளுபடி உண்டா என்றார். தி. நகரில் எதை வாங்க வந்தாலும் கேட்கிற கேள்விதான்.

நான் உள்ளதைச் சொன்னேன். எங்களுக்கு வருஷம் முழுக்க ஆடிதான் சார், பொறுத்தால் குறையும் என்றேன். அப்படியானால் ஆடியிலேயே வருகிறேன் என்று அவர் சந்தோஷமாகக் கொட்டேஷனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சுதா ஷோகேஸ் மெஷினைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. இருவரும் படியிறங்கும் வரை இருந்துவிட்டுச் சொன்னார்: “நீ சொன்னது நெசந்தாம்டே. மெசின் வெல எறங்கும். அந்தப் புள்ளைக்கு வயசு எறங்காதுல்லா.”

பாவாடையில் டக்

இன்றைக்குச் சின்னதாக வாங்குங்கள், பிறகு அப்கிரேடு செய்துகொள்ளலாம் என்பதுதான் எங்கள் ஆயுதம். இதைக் கோபாலபுரத்து டாக்டர் அம்மா ஒருவருக்கு அண்ணாச்சி ஜவுளிக்கடை பாஷையில் விளக்கினார். வளரும் பெண்ணுக்குப் பாவாடையில் டக் வைத்துத் தைப்பதில்லையா, வளர வளரப் பிரித்துவிடுவதில்லையா, அப்படித்தான் என்றார். உள்ளே காலியாக இருந்த இடங்களை மூடியைக் கழற்றிக் காட்டினார். டாக்டர் அம்மா அந்த இடத்திலேயே ஒரு 386 மெஷின் வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து டக்கைப் பிரிக்க வந்தது பெட்டி. புது பிராசஸர் பழைய போர்டில் உட்காரவில்லை. போர்டை மாற்றினால் பழைய மெமரி அதில் பொருந்தவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் புது சாஃப்ட்வேர் கொள்ளவில்லை. கடைசியில் மிஞ்சியது ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்திருந்த வெளிப்பெட்டியும் கீபோர்டும்தான். கீபோர்டின் வட்டப் பிளக்கை மட்டும் ஏனோ எந்தக் கம்பெனியும் மாற்றவில்லை. டாக்டர் அம்மா கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நிதானமாகச் சொன்னார்: “டக் பிரிக்கத்தானே குடுத்தேன். நீங்க புதுப் பாவாடையே தெச்சு, அதுல பழைய நாடாவைக் கோத்துக் குடுத்திருக்கீங்க.”

கீபோர்டு மட்டும்

அந்த வருஷ ஆடியில் விஸ்வநாதன் சார் சொன்னபடி வந்தார். விலை குறைந்துதான் இருந்தது. ஆனால் அதற்குள் புதிதாக ஒன்று வந்து பழைய விலையில் உட்கார்ந்துவிட்டது. பழையதை வாங்க மனம் வரவில்லை, புதியதன் விலை இறங்கட்டும் என்றார். அப்புறம் பட்ஜெட்டில் வரி குறையட்டும் என்றார். அப்புறம் தீபாவளி. அவரைக் கஞ்சன் என்று நான் சொல்ல மாட்டேன். பல மாதச் சேமிப்பைக் கொட்டி ஏமாந்துவிடக் கூடாதே என்ற பயம் அது, நம் எல்லோருக்கும் இருந்ததுதான். வீட்டுக் கம்ப்யூட்டரின் விலை இறங்கவே இல்லை, அதே விலைக்குள் சரக்குதான் மாறிக்கொண்டிருந்தது என்பது விற்றுக்கொண்டிருந்த எனக்கே லேட்டாகத்தான் உறைத்தது.

ஒரு நாள் சுதா தனியாக வந்து, கீபோர்டு மட்டும் தருவீர்களா என்று கேட்டாள். எதில் செருகப் போகிறாய் என்றேன். எதிலும் இல்லையாம். லேபில் கிடைக்கிற கொஞ்ச நேரமும் எழுத்தைத் தேடுவதிலேயே போய்விடுகிறது, சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தட்டிப் பழகப் போகிறேன் என்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அண்ணாச்சி கொள்முதல் விலைக்கே எடுத்துக் கொடுத்தார். ஸ்கிரீன் இல்லாமல் என்ன அடிக்கிறாய் என்று எப்படித் தெரியும் என்றேன். அவள் சிரித்தாள். “தப்பா அடிச்சாலும் தெரியாது சார். அது ஒரு சௌகரியம்.”

இன்றைக்கே

சுதா படிப்பை முடித்தாள். உள்ளூரில் கொஞ்ச நாள் வேலை, பிறகு அமெரிக்கா. அவள் விமானம் ஏறிய மறுவாரம் விஸ்வநாதன் சார் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கடிதம் வந்து சேர நாளாகிறது, போனில் பேசக் கட்டுப்படியாகவில்லை, ஈமெயில் என்றால் உடனே வருமாமே என்றார். கொட்டேஷன் கேட்கவில்லை. நான்தான் பழக்கதோஷத்தில், ரெண்டு மாதம் பொறுத்தால் விலை குறையும் சார் என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். அவள் அங்கே இப்போதே எழுதக் காத்திருக்கிறாள், சாயங்காலத்துக்குள் மாட்டித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

அண்ணாச்சி பில் போட்டார். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பேரம் ஆரம்பிக்கப் போகிறது என்று அண்ணாச்சியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் தலை நிமிராமல் சொன்னார்: “கீபோர்டைக் கழிச்சுடுங்கோ. அவளோடது ஆத்துல இருக்கு.”

எங்கள் கடையில் விற்ற அத்தனை சரக்கிலும், கடைசிவரை அப்கிரேடு கேட்காத ஒரே பொருள், கம்ப்யூட்டர் இல்லாமல் விற்ற அந்தக் கீபோர்டுதான்.