உறுதிமொழிக்கு வந்த குரல்

ஹெர்பர்ட்டுக்கு இந்தியாவின் மேல் பொறாமை வந்தது அறுபத்திரண்டாம் வயதில். அதற்கு முன்பு சர்ச் பாட்டுக்குழு மாஸ்டர் மேல் வந்தது, மனைவி பிலிஸ் சிரித்துப் பேசிய தையற்காரர் மேல் வந்தது. அவர்களையெல்லாம் முறைத்தே விரட்டிவிட்டார். ஒரு தேசத்தை எப்படி முறைப்பது?

பிலிஸ் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவள். நாசரேத் பக்கத்துச் சொந்தம் என்று பேசிமுடித்து, வடக்கே தேஹு ரோடு என்ற ஊரில் ராணுவக் கிடங்கு கிளார்க்காக இருந்த ஹெர்பர்ட்டுக்குக் கட்டிவைத்தார்கள். "எனக்காக நாட்டையே விட்டுட்டு வந்தவ" என்று முப்பது வருடமாக அவர் சொல்லாத ஆளில்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டில் அவள் மலேசியக்காரிதான். விசாவை நீட்டிக்கப் போலீஸ் அலுவலகத்துக்குக் கூட்டிப்போவதும், 'கணவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவதும் அவர் வேலை. அதில் அவருக்கு ஒரு தனி கெத்து.

ஏழு வருடத்துக்கு முன் பிலிஸ் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "மேரி கேரண்டி ஹை, சாப்" என்று இந்தியில் தானே பொறுப்பேற்று மார்தட்டியவரும் இவரேதான். இப்போது கலெக்டர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது: நேரில் வந்து உறுதிமொழி எடுக்க வேண்டும்.

உறுதிமொழி நாலே வரி, ஆங்கிலத்தில். அரசியல் சாசனத்துக்கு உண்மையாக இருப்பேன் என்பதுதான் சாரம். பிலிஸ் அதைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். குக்கர் விசிலுக்கு மேல் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒரு வாரம் இதே கூத்து. ஹெர்பர்ட்டுக்கு வயிறு எரிந்தது. அவர்களுடைய கல்யாண வீடியோவில் அவர் குரல் மட்டும்தான் கேட்கும். 'மரணம் பிரிக்கும்வரை' என்று பிலிஸ் சொல்லும் இடத்தில் உதடு அசையும், சத்தம் வராது. பாதிரியார் இரண்டு முறை சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. வெட்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

கலெக்டர் ஆபீஸில் பிலிஸ் தாளைப் பார்க்கவேயில்லை. நிமிர்ந்து நின்று கணீரென்று சொன்னாள். பக்கத்து மேஜைக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். ஹெர்பர்ட்டும் தட்டினார், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

லோக்கல் ரயிலில் திரும்பினார்கள். தேஹு ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்ததும் பொங்கிவிட்டது. நல்லவேளை, அதில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது.

"கல்யாணத்தன்னைக்கு இந்தக் குரல் எங்க போச்சு ஒனக்கு? சட்டப் புஸ்தகத்துக்குக் குடுக்க மரியாதகூட எனக்குக் கெடையாதோ?"

பிலிஸ் சான்றிதழ் உறையை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"அது எங்கப்பா சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். இது நானா கேட்டு வாங்கினது."

ஹெர்பர்ட்டுக்குச் சுருக்கென்றது. அவருடைய போட்டோ ஈப்போவுக்குப் போனது, சம்மதம் என்று மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. பிலிஸிடம் ஒரு வார்த்தை அவர் கேட்டதே இல்லை. அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி.

"சரி, இப்பக் கேக்கேன்," என்றார். "என்னையக் கட்டிக்கிட ஒனக்குச் சம்மதமா?"

"மனுப் போடுங்க," என்றாள் பிலிஸ். "விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

ஹெர்பர்ட் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். பிலிஸ் சிரிக்கவில்லை.