ஃபாஸ்டர்னா இன்னா சார்?

போன செவ்வாய்க்கிழமை காலை, ஒரு தறியின் சத்தத்தை என் செல்போனில் பதிவு செய்தேன். முழுசாக அரை மணி நேரம்!

பதிவு செய்து தரச் சொன்னது பக்கத்து வீட்டு கஸ்தூரி. புருஷனும் பெண்டாட்டியும் பட்டு நெய்கிறவர்கள். பிள்ளை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், குழந்தைகள் நல அலுவலகத்தில் பத்து மாதக் குழந்தை ஒன்றை வளர்க்கக் கொடுத்தார்கள். மீனு. தூளிக் கயிற்றின் நுனியை, இழையை அடித்து நெருக்கும் தறிப்பலகையில் கட்டி வைத்திருப்பாள் கஸ்தூரி. பலகை அடிக்க அடிக்கத் தூளியும் ஆடும். தறி நின்றால் மீனு விழித்துக்கொள்வாள்.

குழந்தையைக் கொடுக்குமுன் கையெழுத்துக்குப் படிவம் வந்த அன்று என்னிடம்தான் ஓடி வந்தாள்.

"ஃபாஸ்டர்னு போட்டுக்கீதே, இன்னா சார் அர்த்தம்?"

அகராதிப் பைத்தியத்திடம் கேட்கலாமா? பிரசங்கமே செய்துவிட்டேன். "அந்தக் காலத்து இங்கிலீஷ்ல அதுக்கு உணவுன்னு அர்த்தம்மா. ஃபுட்டும் அதுவும் ஒரே வேர். சோறூட்டி வளர்க்கறதுதான் ஃபாஸ்டர்."

"அவ்ளோதானே? ஊட்டிட்டாப் போச்சு" என்று கையெழுத்துப் போட்டாள்.

அதே படிவத்தில் 'தற்காலிகமாக' என்றும் ஒரு சொல் இருந்தது. அதற்கு நான் பிரசங்கம் செய்யவில்லை. அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? நல்ல மனசு... கோழைத்தனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது.

செவ்வாய்க்கிழமை குழந்தைகள் நல அலுவலகத்துக் கார் வந்தது. வெளியூரில் ஒரு தம்பதி மீனுவைத் தத்தெடுத்திருக்கிறார்கள். நல்லவர்கள் என்றார் அதிகாரி அம்மா. இருக்கலாம். கஸ்தூரி அழவில்லை.

"ரசஞ்சோறு நல்லா கொழைய பெசையணும் மேடம். தூங்கறதுக்குத் தறி சத்தம் வோணும். சார் போன்ல புடிச்சி வச்சிக்கீறாரு. அவங்களுக்கு அனுப்பிடுங்க."

"அவங்க நம்பர் தரக் கூடாதும்மா. எனக்கு அனுப்பச் சொல்லுங்க, பாக்கலாம்."

கார் தெருமுனை திரும்பும் வரை மீனு அழுதது கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றைக்கே அனுப்பினேன். நீல டிக் இரண்டு விழுந்தது. பதில் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

நேற்று கஸ்தூரி வாசலில் நின்று கேட்டாள். "அந்தச் சத்தம் போய்ச் சேந்துச்சா சார்? கொழந்தை தூங்குதாமா?"

"நல்லாத் தூங்கறாளாம்" என்றேன்.

மறுபடியும் அதே நல்ல மனசு!