ஓரம் எம்புட்டுக் கெடக்கு?

நோர்வேயில் எங்கள் வீட்டு வாசலில் பல வருடங்களாக ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. வெளியே கிளம்பும்போதெல்லாம் நான் நேராகப் போய்க் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்காருவேன். உட்கார்ந்த பிறகுதான் முன்னால் ஸ்டியரிங் இருப்பது கண்ணில் படும். நம் ஊரில் இடப்பக்கம் உட்காருகிறவருக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. இங்கே அதுதான் ஓட்டுநர் இருக்கை. என் கணவர் செல்வம் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து நிற்பார். "என்ன பாண்டியம்மா, இன்னைக்கு நீதான் ஓட்டுறியா?" என்பார். நான் சூடு பட்டவள்போல் இறங்கி, மறுபக்கம் ஓடுவேன். வத்தலக்குண்டுக்காரருக்கு எதிலும் கிண்டல்தான். போன குளிர்காலத்தில் ஒருநாள் அதேபோல் தவறான பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை. சாவியை என் கையில் வைத்துவிட்டு, கதவைத் தடவித் தடவி வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

சர்க்கரை நோய் அவர் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலையும் அதோடு முடிந்தது. மிச்சமிருந்தது என் சம்பளம். நான் வயதானவர்களின் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துவிட்டு வரும் வேலை பார்க்கிறேன். அதுவரை இன்னொரு பெண்ணின் காரில் தொற்றிக்கொண்டு போய்வந்தேன். அந்தப் பெண் வேறு ஊருக்கு மாறிப் போனதும் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கோடைக்குள் ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடு, இல்லாவிட்டால் இந்த வேலைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இங்கே கெட்ட செய்தியையும் சிரித்த முகமாகத்தான் சொல்வார்கள். "மதுரையில இல்லாத கண்ணு வைத்தியமாக்கா? பேசாம வந்துருங்க" என்றான் எங்கள் மலைக் கிராமமான வில்பட்டியில் இருக்கும் என் தம்பி. வைத்தியம் இருக்கிறது, சரி. வந்து எங்கே இருப்பது, எதைச் சாப்பிடுவது? பூண்டு போட்ட நிலத்தை விற்றுத்தானே நாங்கள் இங்கே வந்தோம். உரிமம் கிடைத்தால் பிழைப்பு, கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை.

ஸ்டியரிங் என்றால் எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அப்பா வேன் வைத்திருந்தார். வில்பட்டிப் பக்கத்துக் கேரட்டையும் பூண்டையும் ஏற்றி வத்தலக்குண்டு சந்தைக்கு இறக்குவார். பள்ளி விடுமுறையில், கிளீனர் வராத நாளில், என்னை ஏற்றிக்கொள்வார். மலையில் மேகம் இறங்கிவிட்டால் முன்னால் ஒன்றும் தெரியாது. பள்ளம் என் பக்கம் வரும் வளைவுகளில் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கீழே பார்க்க வேண்டும். அதுதான் என் சோலி. "தாயி, ஓரம் எம்புட்டுக் கெடக்கு?" என்று அப்பா கேட்பார். "ஒரு முழம் கெடக்குப்பா, வா, வா" என்பேன். எனக்கு அதில் பெருமை தாங்காது. அவ்வளவு பெரிய வண்டி என் வாய்ச்சொல்லை நம்பி நகருகிறதே!

பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில், மழைக்காலத்துக் காலை. எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. அப்பா ஓரம் கேட்டார். ஒரு முழம் என்றேன். ஒரு முழம் இருந்தது உண்மை. அந்த மண் அடியில் ஊறிப் போயிருந்தது மேலே இருந்து பார்த்தால் யாருக்குத் தெரியும்? என் பக்கத்து முன்சக்கரம் பொத்தென்று இறங்கியது. வேன் சாய்ந்து நின்றுவிட்டது. கேரட் மூட்டை ஒன்று உருண்டு போனது. அது விழுந்து சேர்ந்த சத்தம் கேட்கவே இல்லை. அப்பா பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை. "அசையாத தாயி. மெள்ள எம் பக்கமா வா. எம் மடி மேல ஏறி வெரசா எறங்கிரு" என்றார். நான் அவர் மடிமேல் ஏறி இறங்கும்போதுதான் வாழ்க்கையில் முதன்முதலாக ஸ்டியரிங்கைத் தொட்டேன். அது அப்பாவின் கைகளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கயிறு கட்டி இழுக்கும்வரை அவர் அப்படியே இருந்தார். இறங்கிய பிறகு யாரோ கொடுத்த டீயை அவரால் சிந்தாமல் குடிக்க முடியவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகும் பல வருடம் ஓட்டினார். நான்தான் அந்த வேனில் மறுபடி ஏறவில்லை.

எழுத்துத் தேர்வில் ஒருவழியாகத் தேறினேன். இந்த நாட்டில் வலப்பக்கத்துச் சின்னச் சந்திலிருந்து வருகிறவனுக்குக்கூடப் பெரிய சாலையில் போகிற நாம் நின்று வழிவிட வேண்டும், பலகை எதுவும் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால். இதற்கு வீக்கெப்ளிக்ட் என்று பெயர், வழிவிடும் கடமை. சமையலறைச் சுவரில் படம் ஒட்டிவைத்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே மனப்பாடம் செய்தேன். செல்வம் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேள்வி கேட்பார். அதுவரை பயம் படத்தோடு நின்றது. அடுத்து வந்தது கிளாட்ஷோரிங். வழுக்குகிற தரையில் வண்டியை வேண்டுமென்றே சறுக்க விட வேண்டும். அந்தப் பயிற்சியை முடிக்காமல் இங்கே யாருக்கும் உரிமம் கிடையாது. தம்பி சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன். போனில் கேட்டவன் நம்பவே இல்லை. "நாங்க எட்டுப் போட்டுக் காட்டுனோம், லைசென்ஸ் குடுத்தாய்ங்க. வேணும்னே சறுக்கவா விடுறாய்ங்க? கிறுக்குப் பயலுகளா இருப்பாய்ங்க போலக்கா" என்றான்.

பயிற்சி ஆசிரியை இங்குன் என்னில் பாதி வயதுப் பெண். மழை பெய்ததுபோல் தண்ணீர் விட்டு வழவழப்பாக்கிய மைதானத்தில், "இப்போது வேகமாகப் போய் பிரேக்கை அழுத்துங்கள்" என்றாள். அழுத்தினேன். வண்டி என் பேச்சைக் கேட்காமல் சுழன்றது. நின்ற பிறகு அவள் கேட்டாள், "எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" "இடப்பக்கம். ஓரத்தை." அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "இங்கே ஓரமே இல்லையே. சுற்றிலும் வெறும் தரைதான்." "தெரியும்" என்றேன். தெரிந்து என்ன செய்ய? என் பார்வையில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கண் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று மெதுவாக விசாரித்தாள். எங்கள் வீட்டில் கண்ணுக்கு வந்த கேட்டை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சாலைத் தேர்வு நாளில் தேர்வாளர் ஒரு நெடிய மனிதர், மடியில் கணினிப் பலகையோடு பக்கத்தில் இருந்தார். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் இடத்தை இங்கே ஃபியூர்டு என்பார்கள். அதன் ஓரமாக ஏறும் ஒடுங்கிய சாலை. நான் பயத்தில் ஊர்ந்தேன். பின்னால் ஒரு லாரியும் அதன் வாலில் நாலைந்து கார்களும் சேர்ந்துவிட்டன. எதிரே சாலை நீளத்துக்கும் காலியாகத் தெரிந்தது. நம் மலைச்சாலையில் அப்போது என்ன செய்வார்கள்? சுமையோடு மெதுவாகப் போகிறவன் கையை வெளியே நீட்டி, போ என்று வீசுவான். முன்னால் இருப்பவன் கண்ணில் படுவது பின்னால் இருப்பவனுக்குத் தெரியாது. அந்தக் கையை நம்பித்தான் அவன் முந்திப் போவான். போகிற போக்கில் ஒரு ஹாரன் அடித்து நன்றி சொல்வான். நான் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, வாங்க, போங்க என்று வீசினேன். ஒருவரும் முந்தவில்லை. என் கைதான் குளிரில் விறைத்தது.

"தெரிந்தவர்களா?" என்று கேட்டார் தேர்வாளர்.

"இல்லை."

"பிறகு யாருக்கு வணக்கம் சொன்னீர்கள்?"

"வணக்கம் இல்லை. போகச் சொன்னேன். நான் பார்த்துவிட்டேன், வழி காலியாக இருக்கிறது."

"பின்னால் வருகிறவருக்காக நீங்கள் பார்க்கக் கூடாது. இங்கே அவரவர் கண்ணால் அவரவர் பார்க்க வேண்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேர்வில் நான் தோற்றேன். அந்தக் கை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஊர்ந்ததும் சேர்ந்துதான். ஆனால் வீட்டுக்கு வந்து அழுதது அந்தக் கைக்காகத்தான். செல்வம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "கையையா காட்டுன? அட கிறுக்கி!" பிறகு சிரிப்பு நின்றுபோனது. "நம்ம ரோட்டுல அதுதானே மரியாதை" என்றார்.

அடுத்த முறை தேறிவிட்டேன். கை வெளியே போய்விடாதபடி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தே இரண்டு உள்ளங்கையும் சிவந்துவிட்டன. இந்தத் தடவை ஒரு பெண் தேர்வாளர். கிராத்துலேரர் என்று வாழ்த்திக் கைகுலுக்கினார். வேலை தங்கியது. எல்லாரும் பயம் போய்விட்டதா என்று கேட்டார்கள். இங்குனின் வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. எங்கள் வண்டியில் அது கிடையாது. உண்மையான பயம் உரிமம் வந்த பிறகுதான் தொடங்கியது.

செல்வத்துக்குக் கண்ணில் போடும் ஊசிக்கு நான் முதன்முதலாக ஓட்டிக்கொண்டு போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் மருத்துவர் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார். செல்வம் தப்பாகச் சொன்னார். திரும்பும்போது ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் பார்வையை மங்கவைக்கும் மருந்து. ஃபியூர்டுச் சாலையில் பாதி வழி வந்திருப்போம், மேகம் இறங்கிவிட்டது. பெருமாள்மலையில் இறங்குகிற அதே மேகம், அதே ஈர வாசனை. தடுப்புக் கம்பி இல்லாத ஒரு துண்டில் எதிரே லாரி வெளிச்சம் வந்தது. ஒதுங்கியாக வேண்டும். இங்கே ஒதுங்குவது வலப்பக்கம். கடல் அந்தப் பக்கம், அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம். என் உடம்போ இடப்பக்கம் சாய்ந்து, பாறையைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், பழைய பள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பிரேக்கில் வைத்த காலை நான் எடுக்கவில்லை. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"ஏங்க, ஓரம் எம்புட்டுக் கெடக்கு?"

செல்வம் கண்ணாடியை இறக்கினார். கட்டுப் போட்ட கண்ணோடு தலையை வெளியே நீட்டி, கீழே குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"நெறையாக் கெடக்கு. வா... வா..." என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் காலை மெள்ள எடுத்து, அவர் சொன்ன பக்கம் வண்டியை நகர்த்தினேன்.