விடாக்கண்டன் மூடாத திரை

எங்கள் மருத்துவமனையின் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் விடாக்கண்டன். அறையைப் பூட்டிவிட்டுப் பாதி மாடி இறங்குவார். திரும்ப ஏறிவந்து பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். சர்வருக்குக் கட்டளை தட்டும் கறுப்புத் திரை ஒன்றை மட்டும் மூடவே மாட்டார்.

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குண்ணே விளக்கு?" என்று சீண்டினால், "உள்ள போக வழி தெரியணும்ல" என்பார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதிலும் கம்ப்யூட்டர் படிப்பு; அவருக்கு உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். மெஷினுக்குப் போய் இப்படி நடுங்குகிறாரே என்று உள்ளுக்குள் சிரித்ததுண்டு.

சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக மாற்றிய பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. பதிவுகள் குறையும் மதிய வேளையில், விவரங்களை நகலெடுத்து வைக்கும் பேக்கப் ஓடும். டிஸ்க்கில் யாரும் எதையும் எழுதக்கூடாது என்று அது முதலில் ஒரு தடை போடும். நகலுக்கு ஏற்பாடானதும் தடையை எடுத்துவிடும். முன்பெல்லாம் கண் சிமிட்டும் நேரம்தான். இப்போதோ தடை போட்டது போட்டபடி நின்றது. எல்லா வார்டிலும் திரைகள் உறைந்தன. உள்ளே புகுந்து பார்க்கவும் வழியில்லை. வந்தது யார் என்று டிஸ்க்கில் குறித்துக்கொண்ட பிறகுதான் சர்வர் யாரையும் உள்ளே விடும். அவருடைய கறுப்புத் திரையையும் காணோம். சும்மா கிடக்கும் திரைகளைப் புது சிஸ்டம் தானாகவே மூடிவிடுமாம். கடைசியில் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டோம். அது எழுந்து வருமா வராதா என்று தெரியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதன்பின் சில நாள் உறையும், சில நாள் ஒழுங்காக ஓடும். காரணம் பிடிபடவில்லை; தேடுவதற்குள் மேனேஜர் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவார். பேக்கப் ஓடும்போதெல்லாம், திரை மூடிக்கொள்ளாதபடி ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

அவர் மனைவிக்கு மாடியில் பிரசவ ஆபரேஷன் என்று முடிவான நாளில், இன்றைக்கு மட்டும் பேக்கப்பை நிறுத்தி வைக்கலாமா என்று மேனேஜரிடம் கெஞ்சிப் பார்த்தார். கடைசி நாலைந்து நாளும் உறைந்ததால் புது நகலே இல்லை, டிஸ்க் போனால் இந்த நாட்களின் நோயாளிகள் விவரம் மொத்தமும் போய்விடும் என்று மேனேஜர் மறுத்துவிட்டார். அதிலும் நியாயம் இருந்தது. மாமியாரை மாடியில் காவல் வைத்துவிட்டு இவர் கீழே வந்து உட்கார்ந்தார்.

அன்றும் உறைந்தது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் ரத்த வங்கி அக்கா பேசினார். "பிரசவத் தியேட்டர்ல ரத்தம் கேக்குறாங்க. எந்தப் பை பொருந்தும்னு திரையில வரமாட்டேங்குது. அது தெரியாம நான் எதைக் குடுக்கறது?"

எந்த நோயாளிக்கு என்று விடாக்கண்டன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று தியேட்டரில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

ஓடிவந்த மேனேஜர் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார்.

"நிறுத்தினா எழுந்து வர நேரமாகும் சார். அவ்வளவு நேரம் அவ தாங்க மாட்டா."

கறுப்புத் திரை திறந்தே இருந்தது. அதில் தேடினார். பேக்கப்பே ஒன்றுக்காகக் காத்துக்கிடந்தது. தடை போட்டாயிற்று என்று தன் குறிப்பில் எழுதப் பார்த்திருக்கிறது. புது சிஸ்டம் அந்தக் குறிப்பை அதே டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. தான் போட்ட தடையில் தானே மாட்டிக்கொண்டு, தடையை எடுக்க ஆளில்லாமல் நின்றது.

தடையை நீக்கும் கட்டளை ஒரே வரிதான். எழுத்துகள் தப்பித் தப்பி விழுந்தன. அடித்து அடித்து அழித்தார்.

"ஒவ்வொரு எழுத்தா சொல்லுடா. எனக்குக் கண்ணு தெரியல."

சொன்னேன். கடைசிப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூலையிலிருந்த பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. போனில் அக்கா, "வந்துடுச்சு, பையை அனுப்பறேன்" என்றார்.

அவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். நாற்காலியில் என்னை உட்காரவைத்து, என் விரலை எடுத்துப் பொத்தானில் வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

ரொம்ப நேரம் கழித்து போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன். அவர் மாமியார்.

"பொண்ணு பொறந்திருக்கா தம்பி. தாயும் பிழைச்சுட்டா. மாப்பிள்ளைதான் உள்ள வராம வாசல்லயே நிக்கறாரு. அந்தத் திரை திறந்திருக்கான்னு உன்னைக் கேக்கச் சொல்றாரு."

"திறந்துதாம்மா இருக்கு. பயப்படாம உள்ள போகச் சொல்லுங்க" என்றேன்.

விரலை மட்டும் எடுக்கவில்லை.